மிஸ் மேல் ஒரு புகார்

மே மாதக் கடைசி வாரம் வந்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். வெயிலால் அல்ல. பெங்களூரில் அதற்குள் மழை தொடங்கியிருக்கும். எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்த ஓர் அம்மாவை நினைத்துத்தான் எரியும். அவர் அங்கிருந்து காலி செய்துகொண்டு போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. வயிற்றெரிச்சல் மட்டும் காலி செய்யவில்லை.

பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை. கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிற பிள்ளைகளையே எனக்குப் பிடிக்காது. மரியாதைக்காக இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அந்தக் காலத்தில் மனசுக்குள் எப்போதும் 'அவள்'தான்.

ஆசிரியையின் விடுமுறை பற்றி மற்றவர்களுக்குப் பெரிய கற்பனை உண்டு. இரண்டு மாதம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருப்போம் என்று நினைக்கிறார்கள். ஏப்ரலில் விடைத்தாள் திருத்தி முடிப்பதற்குள் பாதி வெயில் போய்விடும். மீதி நாட்கள்தான் எனக்கு என் மகளோடு. பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே எங்களுக்குத் திறந்துவிடும். டைம்டேபிள் போட வேண்டும், பாடத்திட்டம் எழுத வேண்டும், வகுப்புச் சுவரை அலங்காரம் பண்ண வேண்டும். யார் யார் பிள்ளைகளையோ வரவேற்பதற்காக நான் வண்ணக் காகிதத்தில் பட்டாம்பூச்சி வெட்டிக்கொண்டிருப்பேன். என் பிள்ளை கீழ்வீட்டில் இருப்பாள். விடுமுறை முழுக்க நான் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் இழுத்துவைத்திருந்தவளை அந்த அம்மா அந்த ஒரே வாரத்தில் மறுபடியும் தன் பக்கம் கொண்டுபோய்விடுவார்.

அப்போது நாங்கள் மர்பி டவுனில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெங்களூரில் வேறு சொந்தம் கிடையாது. கணவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. காலையில் கம்பெனி கேப் வந்து அள்ளிக்கொண்டு போனால், திரும்பக் கொண்டுவந்து கொட்டும்போது யாழினி தூங்கியிருப்பாள். எனக்கு அல்சூரில் ஒரு பள்ளிக்கூடம். யாழினியும் அங்கேதான் படித்தாள். இரண்டாம் வகுப்பு வரைக்கும் மதியமே விட்டுவிடுவார்கள். நான் சாயங்காலத்துக்கு முன் நகர முடியாது. அந்த இடைப்பட்ட நேரத்துக்குத்தான் கீழ்வீட்டு அம்மா. பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டு, நான் வரும்வரை வைத்துக்கொள்வார்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மூன்று தலைமுறையாகக் கன்டோன்மென்டிலேயே இருக்கிற குடும்பம். எந்நேரமும் ஒரு நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு. சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றிலிருந்து புடவைகள் மூட்டையாக வரும். வாசற்படியில் உட்கார்ந்து அவற்றுக்கு ஃபால்ஸ் தைப்பார். நூலைப் பல்லில் கவ்விக்கொண்டே தெருமுனை வரைக்கும் கேட்கிறமாதிரி பேச அவரால் முடிந்தது. தமிழில் ஆரம்பிப்பார், கன்னடத்தில் அதட்டுவார், கோபம் முற்றினால் உருதுக்குப் போய்விடுவார்.

குணம் என்று பார்த்தால் அவரிடம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை சொன்னால் சரி. எதைச் சொன்னாலும் சரி, யார்மேல் சொன்னாலும் சரி. விசாரணையே கிடையாது.

யாழினிக்கு நான்கு வயதிருக்கும்போது அவர் வீட்டு நிலைப்படி தடுக்கி விழுந்தாள். எல்லா வீட்டிலும் செய்வதுபோல அவரும் நிலைப்படியை நாலு அடி அடித்தார். மற்றவர்கள் அதோடு விடுவார்கள். இவர் விடவில்லை. "யாரு இவன், எங்க புள்ளைய தள்றதுக்கு? இருக்கட்டும். உண்டு இல்லன்னு பண்ணிடறேன்" என்று, அந்த வாரம் முழுக்கப் படியைத் தாண்டும்போதெல்லாம் அதை முறைத்துவிட்டுப் போனார். யாழினியும் கூட நின்று முறைப்பாள். மழை பெய்து பூங்காவுக்குப் போக முடியாவிட்டால் மழைக்கும் அதே அர்ச்சனை. "யாரு அந்த மழ? வரட்டும். உண்டு இல்லன்னு பண்ணிடறேன்." என் மகள் அப்போது சிரிக்கிற சிரிப்பு மாடிப்படி ஏறி என் சமையலறைக்கு வரும். என் வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

வீட்டுக்காரரின் மனைவி ஆசையாக வளர்த்த குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றை யாழினி பந்தெறிந்து உடைத்துவிட்டாள். நான் அன்று சீக்கிரம் வந்திருந்தேன். என் கண் எதிரிலேயே கீழ்வீட்டு அம்மா வீட்டுக்காரம்மாவிடம், "பூனை தள்ளிட்ச்சிம்மா, இப்பதான் பாத்தேன், கறுப்புப் பூனை" என்றார். இல்லாத பூனைக்கு நிறம் வேறு. வீட்டுக்காரம்மா போனபிறகு நான் சொன்னேன், "பிள்ளை முன்னாடி இப்படிப் பொய் சொல்லாதீங்க. தப்பு பண்ணா சாரி கேக்கணும்னு நான் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கறேன்."

அவர் நூலை அறுத்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "இன்னா டீச்சரம்மா நீ. புள்ள பயந்து நடுங்கினு நிக்கிது. இப்ப போய் உண்மைய பேசினு இருக்கே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதால் அல்ல. யாழினி அவர் நைட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். என்னை, பயத்தோடு.

இதெல்லாம் கேட்க வேடிக்கையாக இருக்கும். எல்லாமே வேடிக்கை இல்லை. தெருவில் விளையாடும்போது யாழினி ஒரு பையனின் கையைப் பல் பதியக் கடித்துவிட்டாள். அவன் அம்மா கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டு நியாயம் கேட்க வந்தாள். கீழ்வீட்டு அம்மா இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். "உன் பையன் கைய எங்க புள்ள வாய்கிட்ட யாரு கொண்டாரச் சொன்னது?" என்று கேட்டார். தெருவே சிரித்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் மறுநாள் பிஸ்கட் பாக்கெட்டோடு அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த அம்மாவிடம் வளர்ந்தால் என் மகள் என்ன ஆவாள் என்று அன்றைக்கு உண்மையிலேயே பயந்தேன். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எனக்காக யாரும் அப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில்லை.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டையோடு வந்தால் இரண்டு பேரையும் கேட்பேன். வீட்டிலும் அதே பழக்கம். "அனன்யா என்னைத் தள்ளிட்டா" என்று யாழினி சொன்னால், "அதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணே?" என்பேன். நியாயமான கேள்விதான். நியாயமாகக் கேட்டுக் கேட்டே அவள் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு?" என்றால் "ஒன்னுமில்ல." அந்த ஒன்றுமில்லாததைக் கீழே ஒருமணி நேரமாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே வந்திருப்பாள்.

கூப்பிடுவதைக்கூட அவரே தீர்மானித்துக்கொண்டார். நான் 'ஆன்ட்டி' என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதத்தில் அது 'பெரிம்மா' ஆகிவிட்டது. என்னைக் கேட்காமலேயே எனக்கு அக்காவாகிவிட்டார். கோடையில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் தவறாமல் பெரிம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும். என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். சித்தப்பா பையன் சைக்கிள் தராதது, தயிர்ச்சோற்றில் மாதுளம் போட்டது எல்லாம் ஒப்பிப்பாள். நான் துணி எடுக்கிற சாக்கில் படியேறிப் போய் நிற்பேன். "வரட்டும்!" என்ற குரல் பெங்களூரிலிருந்து போனைத் தாண்டி எனக்கே கேட்கும்.

யாழினி மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம்தான் எனக்கு நல்லகாலம் பிறக்கப் போகிறது என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்பிலிருந்து முழுநாள் பள்ளி. அதோடு எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஒரே பிரிவு, வகுப்பாசிரியை நான். காலையில் ஒன்றாகப் போவோம், நாள் முழுக்க என் கண்ணெதிரில் இருப்பாள், ஒன்றாகவே திரும்புவோம். கீழ்வீட்டுக்கு இனி வேலையே இல்லை.

இதை அவரிடம் சொல்வதற்கு நான் மைசூர்பா வாங்கிக்கொண்டு போனேன். "இனிமே உங்களுக்குச் சிரமம் இல்லைங்க" என்றேன். அவ்வளவு இனிப்பாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் ஊசியைப் புடவையில் குத்தி வைத்துவிட்டு, மைசூர்பாவை எடுத்து யாழினி வாயில் பாதியை ஊட்டினார். மீதியைத் தான் தின்றார். "ஆயித்து, ஆச்சு வுடு. நல்லதுதான்" என்றார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

அந்த மே மாதக் கடைசி வாரமும் நான் பட்டாம்பூச்சி வெட்டப் போக வேண்டியிருந்தது. ஆனால் ஒரு வேலையை எங்கள் இருவருக்காக ஒதுக்கி வைத்திருந்தேன். புது நோட்டுகளுக்கும் புத்தகங்களுக்கும் அட்டை போடுவது. பிரவுன் பேப்பர் சுருளும் லேபிளும் வாங்கி அலமாரியில் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்து போடப்போகிறோம் என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை பள்ளியிலிருந்து வந்தால், யாழினி எல்லாவற்றையும் அடுக்கிக் கைகொள்ளாமல் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். "அம்மா, பெரிம்மாவும் நானும் எல்லாத்துக்கும் அட்டை போட்டுட்டோம்!" ஏதோ கல்யாணத்தில் வந்த பரிசுகளைப் பிரித்து எடுத்துவைத்த ஜிகினாத் தாள். ரோஸ், பச்சை, தங்கக் கலர். கணக்கு நோட்டின்மேல் 'ஹேப்பி மேரேஜ் லைஃப்' என்று அச்சடித்திருந்தது.

பள்ளியில் பிரவுன் அட்டைதான் போட வேண்டும். அது விதி. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் கிழித்தேன். யாழினி அழுதாள். கீழே இருந்து குரல் வந்தது: "ஏன் டீச்சரம்மா, புள்ள ஆசையா போட்டுது! எந்த மிஸ் கேக்கப் போறா? அந்த மிஸ்ஸே நீதான்!"

பிரவுன் பேப்பர் போட்டு முடித்தேன், தனியாக. விதி என்பது சும்மா. ஞாயிற்றுக்கிழமையைத் திருடிவிட்டார் என்பதுதான் விஷயம்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் இன்னொரு பாடம் நடந்தது. டீச்சர் பிள்ளைகள் பள்ளிக்குள் அம்மாவை 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் பள்ளியில் எல்லோரும் அப்படித்தான். "வீட்ல அம்மா, ஸ்கூல்ல மிஸ். சரியா?" என்றேன்.

"ரோட்ல?"

"ரோட்ல அம்மா."

"கேட்டுகிட்ட?"

"கேட்டுக்கு உள்ள மிஸ். வெளிய அம்மா."

அவள் தலையாட்டினாள். பெரிய பெண்ணாகிவிட்டதுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது.

தலைமையாசிரியை முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பேரன்ட்ஸ் கண்ணு பூரா உங்க மேலதான் இருக்கும். பாத்துக்குங்க." நான் பார்த்துக்கொண்டேன். யாழினியை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்தேன். கேள்வி கேட்டால் முதலில் எழும்பும் கை அவளுடையதுதான். அந்தக் கையை நான் பார்க்க மாட்டேன். பக்கத்துக் கையைக் கேட்பேன், பின் பெஞ்சுக் கையைக் கேட்பேன். தூக்காத கையைக்கூடக் கேட்பேன். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. எங்கள் ஸ்டாஃப் ரூமில் பிள்ளையைத் தன் வகுப்பில் வைத்திருந்த எல்லா அம்மாக்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். செய்ததைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்கள்.

நாள் முழுக்க என் கண்ணெதிரில் இருந்தாள். ஆனால் சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் அவள் 'அம்மா' என்று ஆரம்பிக்கவில்லை. வீடு வரும்வரை பேசாமல் வந்தாள். வந்ததும் பையைப் படியில் போட்டுவிட்டு, "அஞ்சே நிமிஷம்" என்று கீழ்வீட்டுக்குள் ஓடினாள். எந்த வீட்டுக்கு இனி வேலையில்லை என்று மைசூர்பா கொடுத்தேனோ அந்த வீட்டுக்குத்தான்.

ஒருநாள் சூடாகப் பஜ்ஜி போட்டு அவளைக் கூப்பிடக் கீழே இறங்கினேன். உள்ளே அவள் குரல் கேட்டது. பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

"எங்க மிஸ் ரொம்ப மோசம் பெரிம்மா."

"யாரு அந்த மிஸ்ஸு? வரட்டும். உண்டு இல்லன்னு பண்ணிடறேன்."

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"ஏன் கண்ணு?"

"அம்மா பாவம். அழுவாங்க."

பஜ்ஜித் தட்டோடு மேலே ஏறி வந்துவிட்டேன். அவளுக்கு ஓர் அம்மா இருக்கிறாள்; அவள் பாவம், அவளிடம் எதையும் சொல்லக் கூடாது. ஒரு மிஸ் இருக்கிறாள், அவளைப் பிடிக்காது. ஒரு பெரிம்மா இருக்கிறார்; எல்லாம் அவருக்கு. மூன்று பேரில் இரண்டு பேர் நான். இருந்தும் என் பங்குக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எல்லா பஜ்ஜியையும் நானே தின்றேன்.

அதற்குப் பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. சனிக்கிழமை காலை. என் மேசைக்கு எதிரில் இரண்டு நாற்காலிகள் இருக்கும், ஒன்று பெற்றோருக்கு, ஒன்று பிள்ளைக்கு. யாழினிக்கு அப்பா வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் அவருக்கு ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ், வர முடியாது என்று போன் வந்தது. "உனக்கு மீட்டிங் எதுக்குடா? மிஸ்தான் வீட்லயே இருக்காங்களே" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க, அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

வரிசை பாதி முடிந்திருக்கும். வாசலில் பட்டுப்புடவை சரசரத்தது. கீழ்வீட்டு அம்மா. தலை நிறைய மல்லி, நெற்றியில் பெரிய பொட்டு. நைட்டி இல்லாமல் நான் அவரை அதுவரை பார்த்ததே இல்லை. யாரையும் கேட்காமல் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் யாழினியைக் கையைப் பிடித்து எழுப்பினார். வரிசையில் வந்து நின்றார். முந்தவில்லை, மற்றவர்களோடு மற்றவராக நின்றார். முறை வந்ததும் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மற்றதில் தான் உட்கார்ந்தார்.

"வணக்கம் மிஸ். நான் யாழினியோட பெரிம்மா."

தினம் 'இன்னா டீச்சரம்மா நீ' என்கிற வாய். பின்னால் நாலைந்து பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க, உக்காருங்க" என்றேன், உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து.

"எங்க புள்ள எப்டி படிக்கிறா?"

"நல்லா படிக்கறா. எழுத்து அழகா இருக்கு. கிளாஸ்ல மட்டும் கொஞ்சம் அமைதி."

"எங்க யாழினியா? அமைதியா?" என்று அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ போயி அந்தப் பட்டாம்பூச்சிங்கள எண்ணினு வா கண்ணு. சுவத்துல எவ்ளோ இருக்குதுன்னு பெரிம்மாவுக்குச் சொல்லு."

அவள் போனாள். அவர் மேசைமேல் குனிந்தார். தெருமுனைக்குக் கேட்கிற அந்தக் குரல் தணிந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கை தூக்கினா நீங்க அவள பாக்கறதே இல்லியாமே மிஸ். அன்னிக்கி ஒன்னுக்குப் போவணும்னு கை தூக்கினு இருந்திருக்கா. நீங்க பதில் சொல்லத்தான் தூக்கறான்னு வுட்டுட்டீங்க. மத்த புள்ளைங்க எழுந்து வந்து கேக்குமாம். இவ எழுந்து வந்தா அம்மான்னு சலுகை எடுத்துக்கற மாதிரி ஆயிடுமாம். பாவாடையிலயே போயிட்டா."

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் நல்ல மழை. ரெயின்கோட்டைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்து முழுக்க நனைந்துகொண்டே வந்தாள். ரோட்டில் நின்று திட்டினேன். கீழ்வீட்டு அம்மா பாவாடையைத் துவைத்து, அயர்ன் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தபோது, "மழைல நனஞ்சிட்சி டீச்சரம்மா, அதான்" என்றார். கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார். கறுப்புப் பூனையைச் சொன்னதுபோலவே.

"இத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு புள்ளைகிட்ட சத்தியம் பண்ணிக்கீறேன்" என்றார். "அவ அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்க மிஸ்ஸாச்சே. அதான் மிஸ்ஸுகிட்ட சொல்றேன்."

மனசு உடைந்துபோனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உடைந்தும் போனேன்தான். ஆனால் முதலில் வந்தது அது இல்லை. அந்தப் பாவாடையைத் துவைக்க வேண்டியவள் நான். என் மகளின் அவமானம்கூட என் கைக்கு வராமல் கீழ்வீட்டுக்குப் போய்விட்டதே என்றுதான் முதலில் எரிந்தது. எதிரில் இருந்தவரின் மல்லி வாசனைகூட எனக்குப் பிடிக்கவில்லை.

"பாத்துக்கறேன்" என்றேன்.

"பாத்துக்குங்க மிஸ்" என்று எழுந்தார். யாழினி ஓடிவந்து எண்ணிக்கையைச் சொன்னாள். "அவ்ளோவா! யாரு வெட்டினது, உங்க மிஸ்ஸா?" என்று கேட்டுவிட்டு அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை, தேனீயின் வீட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவள் கை எழும்பியது. பாதியில் தானாகவே இறங்கப் பார்த்தது. "யாழினி" என்றேன். எழுந்து நின்று சொன்னாள். குரல் நடுங்கியது, பதில் சரி. அன்று சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் என் கையை உதறிவிட்டு ஓடினாள். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கீழ்வீட்டில் கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. "மிஸ் என்னைக் கேட்டாங்க பெரிம்மா!" கேட்டவள் நான். அந்தச் செய்தியும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. நான் அவள் பையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

தசரா விடுமுறையில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். அவருடைய பெரிய மகன் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு வீடு பார்த்திருந்தான். சேதி கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க அன்று நிறைய வேலை செய்தேன், பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கூடக் கொடுத்தேன். டெம்போவில் கடைசியாகப் புடவை மூட்டைகள் ஏறின. யாழினி நிலைப்படியில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்று, தெருவெல்லாம் கேட்கும்படி மகனைத் திட்ட ஆரம்பித்தார். "யாருடா உன்ன வூடு மாத்தச் சொன்னது? புள்ள அழுவுது பாரு! பேமானி! வரட்டும், அந்த வூட்டுக்கு வந்து உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடறேன்!" மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டான். யாழினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். போகும்போதும் அவர் யாழினி கட்சிதான், தனக்கு எதிராகவே.

என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. முதல் நாள் சாயங்காலம் யாழினி பையைப் படியில் போட்டாள், பூட்டைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று கதவின் பெயின்டை நகத்தால் சுரண்டினாள்.

"அம்மா."

"ம்."

"எங்க மிஸ் இருக்காங்கல்ல..."

கரண்டி கையிலேயே நின்றது.

"அவங்க இன்னிக்கு என்னை அனன்யா பக்கத்துலேருந்து மாத்திட்டாங்க. நான் பேசவே இல்ல. அவதான் பேசினா."

இருவரும்தான் பேசினார்கள். மூன்று தடவை எச்சரித்துவிட்டுத்தான் மாற்றினேன். 'அதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணே' என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியைகளுக்குத்தான் தெரியும்.

"யாரு அந்த மிஸ்?" என்றேன். "வரட்டும். உண்டு இல்லன்னு பண்ணிடறேன்."

யாழினி சுரண்டுவதை நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். விடைத்தாள் திருத்தும்போது நான் பார்ப்பேனே, அப்படி.

"பெரிம்மா இன்னும் சத்தமா சொல்வாங்க" என்றாள்.

அடுப்பை அணைத்தேன். இடுப்பில் துண்டு ஒன்றுதான் இல்லை. காலியாகக் கிடந்த கீழ்வீட்டுக்குக் கேட்கிறமாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.